இதயம் சுரக்கும் ஹார்மோன்களும் ரத்தக் குழாய்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்று மருத்துவரிடம் போனால் இசிஜி, எக்கோவோடு சேர்த்து ‘பிஎன்பி’ அல்லது ‘என்டி-ப்ரோபிஎன்பி’ என்று ஒரு ரத்தப் பரிசோதனையும் எழுதித் தருகிறார்கள். ரிப்போர்ட்டில் எண் ஆயிரக்கணக்கில் வந்தால் வீடே கலங்கிப் போகிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கிற ஹார்மோன் உடலுக்குள் என்ன வேலை செய்கிறது என்பதை மட்டும் பெரும்பாலும் யாரும் விளக்குவதில்லை. அது நோய் அல்ல. நோயைச் சமாளிக்க இதயம் தானே அனுப்புகிற உதவி. அந்த உதவி போய்ச் சேரும் முக்கியமான இடங்களில் ஒன்று ரத்தக் குழாயின் சுவர். அதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நேட்ரியூரெட்டிக் பெப்டைடு என்றால் என்ன? எத்தனை வகை?

பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறிய சங்கிலி. நேட்ரியூரெட்டிக் என்றால் சிறுநீர் வழியாகச் சோடியத்தை வெளியேற்றுவது. இந்தக் குடும்பத்தில் முக்கியமானவர்கள் மூவர்: ஏஎன்பி, பிஎன்பி, சிஎன்பி. மூன்றிலும் 17 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு வளையம் இருக்கிறது. அந்த வளையம் உடைந்தால் வேலையும் போய்விடும்.

ஏஎன்பி 28 அமினோ அமிலங்கள் கொண்டது. இதயத்தின் மேலறைத் தசைச் செல்களில் சின்னச் சின்ன மணிகளாகச் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். மேலறைச் சுவர் விரிந்தால் உடனே வெளியே வரும். பிஎன்பியில் 32 அமினோ அமிலங்கள். இதய நோயில் இது பெரும்பாலும் கீழறையிலிருந்து வருகிறது. அதிகம் சேமித்து வைக்கப்படுவதில்லை, சுவரில் அழுத்தம் கூடினால் மரபணு விழித்துக்கொண்டு புதிதாகத் தயாரிக்கும். 1988-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் இதை முதலில் பன்றியின் மூளையில்தான் கண்டுபிடித்தார்கள். பெயரில் இருக்கும் ‘பி’ மூளையைக் குறிப்பது அதனால்தான். அதே குழுவினர் 1990-இல் சிஎன்பியைக் கண்டுபிடித்தார்கள். அது இதயத்திலிருந்து வரும் ஹார்மோன் அல்ல. ரத்தக் குழாயின் உட்சுவரே அதைச் சுரக்கிறது. இந்தக் கட்டுரையில் அதற்குத் தனி இடம் உண்டு.

ரத்தத்தைத் தள்ளுகிற இதயம் ஹார்மோனும் சுரக்கும் என்பது எப்படித் தெரிந்தது?

இந்தக் கதையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. 1950-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த புதிதில், இதய மேலறைச் செல்களுக்குள் அடர்த்தியான மணிகள் இருப்பதை புரூனோ கிஷ் பார்த்தார். 1964-இல் ஜேமிசனும் பலாடேயும் அவற்றை விரிவாக விவரித்தார்கள். கணையம் மாதிரியான சுரப்பிகளில் தென்படும் மணிகளைப் போலவே அவை இருந்தன. கீழறையில் அவை இல்லை. சுருங்கி விரியும் தசைக்குள் சுரப்பிச் சரக்கு எதற்கு என்று யாருக்கும் விளங்கவில்லை.

இன்னொரு பக்கம், 1956-இல் நாய்களின் இடது மேலறைக்குள் ஒரு சிறு பலூனை விட்டு ஊதிப் பார்த்தார்கள். மேலறை விரிந்ததும் சிறுநீர் அதிகமாகப் போனது. இந்த இரண்டு செய்திகளும் கால் நூற்றாண்டு காலம் தனித்தனியாகவே கிடந்தன.

இரண்டையும் சேர்த்தவர் அடோல்ஃபோ டி போல்ட். அர்ஜென்டினாவில் பிறந்து, கனடாவின் கிங்ஸ்டன் நகரில் இருக்கும் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். 1981-இல் அவரும் அவருடைய குழுவினரும் எலியின் இதய மேலறையை அரைத்துச் சாறெடுத்து, மயக்கத்தில் இருந்த வேறொரு எலியின் ரத்த நாளத்தில் ஏற்றினார்கள். சில நிமிடங்களில் சிறுநீரின் அளவு ஏறத்தாழ 10 மடங்கு கூடியது. அதில் வெளியேறிய சோடியம் 30 மடங்குக்கும் மேல் கூடியது. ரத்த அழுத்தமும் இறங்கியது. ஒப்பிட்டுப் பார்க்கக் கீழறைச் சாற்றை ஏற்றியபோது அப்படி எதுவும் நடக்கவில்லை. எளிமையான ஒரு சோதனைதான். ஆனால் அன்றைக்கு இதயம் நாளமில்லாச் சுரப்பிகளின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. மூன்றே ஆண்டுகளில், 1984-இல், மனித ஏஎன்பியின் அமைப்பை காங்காவாவும் மட்சுவோவும் வெளியிட்டார்கள்.

இவை ரத்தக் குழாயை எப்படித் தளர்த்துகின்றன?

ரத்தக் குழாயின் சுவரில் வட்டமாகச் சுற்றிக் கிடக்கிறது மென்தசை. அது இறுகினால் குழாய் குறுகும், தளர்ந்தால் விரியும். இறுக்கத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தசைச் செல்லுக்குள் இருக்கும் கால்சியம்.

அந்தச் செல்லின் மேற்பரப்பில் என்பிஆர்-ஏ என்று ஓர் ஏற்பி இருக்கிறது. இதற்கு ஒரு விசேஷம் உண்டு. வெளிப்பாதி ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி, உட்பாதி ஒரு என்சைம். நடுவில் தரகர் யாரும் கிடையாது. ஏஎன்பியோ பிஎன்பியோ வெளியே வந்து ஒட்டியதும் உள்ளே இருக்கும் பாதி சைக்ளிக் ஜிஎம்பி என்ற சிறு மூலக்கூறைத் தயாரிக்கத் தொடங்கும். அது புரோட்டீன் கைனேஸ் ஜி என்ற என்சைமை எழுப்பும்.

அப்புறம் பல வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. செல்லுக்குள் இருக்கும் கால்சியக் கிடங்கு திறக்காமல் தடுக்கப்படுகிறது. பொட்டாசியம் வாயில்கள் திறந்து, செல்லின் மின்னழுத்தம் மாறி, வெளியிலிருந்து கால்சியம் வருவது குறைகிறது. தசை இறுகுவதற்குத் தேவையான பாஸ்பேட்டைக் கழற்றிவிடும் என்சைமும் சுறுசுறுப்பாகிறது. குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சினின் கட்டளை செல்லுக்குள் பரவுவதும் மட்டுப்படுகிறது. அதனால்தான், ஏற்கெனவே ஆஞ்சியோடென்சினால் இறுகிக் கிடக்கும் குழாயில் ஏஎன்பியின் விளைவு நன்றாகத் தெரிகிறது.

நைட்ரிக் ஆக்சைடும் இதைத்தானே செய்கிறது?

ஆமாம், அதுவும் சைக்ளிக் ஜிஎம்பி வழியாகத்தான் வேலை செய்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையும் அப்படியே. வேறுபாடு, அந்த மூலக்கூறு எங்கே உண்டாகிறது என்பதில் இருக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு ஒரு வாயு. சவ்வைத் தாண்டி உள்ளே போய், செல்லின் உட்பகுதியில் இருக்கும் வேறொரு என்சைமைத் தூண்டும். பெப்டைடு செல்லுக்கு வெளியிலேயே நின்றுவிடும், சவ்வை ஒட்டிய இடத்தில் மட்டும் சைக்ளிக் ஜிஎம்பி உண்டாகும். இந்த இரண்டு தொகுதிகளையும் செல் தனித்தனியாகவே கையாளுகிறது. இதயத் தசையில் நைட்ரிக் ஆக்சைடு உண்டாக்கும் சைக்ளிக் ஜிஎம்பியை அழிப்பது முக்கியமாக பிடிஇ-5 என்ற என்சைம், பெப்டைடு உண்டாக்குவதை அழிப்பது பிடிஇ-9 என்ற என்சைம் என்று 2015-இல் காட்டினார்கள். வயாகரா மாத்திரையில் இருக்கும் சில்டெனாஃபில் தடுப்பது பிடிஇ-5-ஐ. எல்லா வழியையும் அது ஒன்றே திறந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாததற்கு இது ஒரு காரணம்.

அப்படியானால் குழாய் விரிவதால்தான் பிரஷர் குறைகிறதா?

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். எலிகள் வேறு கதை சொன்னன.

1995-இல் என்பிஆர்-ஏ ஏற்பியே இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். அவற்றுக்குப் பிறவியிலேயே உயர் ரத்த அழுத்தம். இது எதிர்பார்த்ததுதான். அடுத்து, ஜெர்மனியில் மிகயேலா கூன் குழுவினர் ஒரு நுட்பமான கேள்வியைக் கேட்டார்கள்: ஏற்பியை உடல் முழுவதும் எடுக்காமல், ரத்தக் குழாயின் மென்தசையிலிருந்து மட்டும் எடுத்தால் என்ன ஆகும்?

2002-இல் பதில் வந்தது. அந்த எலிகளின் குழாய்கள் ஏஎன்பிக்கு விரியவே இல்லை. ஆனாலும் சாதாரண நேரத்தில் அவற்றின் ரத்த அழுத்தம் இயல்பாகவே இருந்தது! திடீரென்று நிறைய திரவம் ஏற்றினால் மட்டும் அழுத்தம் சட்டென்று எகிறியது. அதாவது, தசை நேரடியாகத் தளர்வது அவசரத்துக்கு உதவுகிறது. நாள்பட்ட கட்டுப்பாடு வேறெங்கோ இருக்கிறது.

2005-இல் அதே ஏற்பியைக் குழாயின் உட்சுவர்ச் செல்களிலிருந்து மட்டும் நீக்கினார்கள். எண்டோதீலியம் என்று சொல்லப்படும், ரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒற்றை அடுக்கு அது. இப்போது குழாய்கள் ஏஎன்பிக்கு வழக்கம்போல விரிந்தன. ஆனால் எலிகளுக்கு உயர் ரத்த அழுத்தம் வந்தது. ரத்தத்தின் திரவ அளவு கூடியது, இதயமும் பருத்தது.

விளக்கம் இதுதான். மண்பானையில் நீர் கசிவது போல, நுண்குழாய்களின் உட்சுவர் வழியாக ரத்தத்தின் திரவமும் ஆல்புமின் புரதமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திசுக்களுக்குள் கசிகின்றன. ஏஎன்பி அந்தக் கசிவைச் சற்றே கூட்டிவிடுகிறது. மேலறைக்குத் திரும்பி வரும் ரத்தத்தின் அளவு குறைகிறது. ஏஎன்பியை நாளத்தில் ஏற்றும்போது, சிறுநீர் அதிகமாகப் போவதற்கு முன்பே ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம் கூடிவிடுவதை ஆய்வாளர்கள் கவனித்திருந்தார்கள். திரவம் குழாயை விட்டு வெளியேறியதன் அடையாளம் அது.

பாடப்புத்தகத்தில் ‘ரத்த நாளத்தை விரிவடையச் செய்யும்’ என்று ஒற்றை வரியில் முடிகிற விஷயம் இது. என்னைக் கேட்டால், உட்சுவரின் பங்குதான் அதில் பெரிய பகுதி. அதற்குக் கூடுதலாக இரண்டு வரியாவது தர வேண்டும்.

சிஎன்பிக்கு என்ன தனி வேலை?

ஏஎன்பியும் பிஎன்பியும் இதயத்தில் கிளம்பி ஊர் முழுக்கச் சுற்றுபவை. சிஎன்பி அப்படிப் பயணம் செய்வதில்லை. உட்சுவரில் சுரந்து, பக்கத்துச் செல்லில் போய் வேலை செய்கிறது. ரத்தத்தில் அதன் அளவு மிகக் குறைவு என்பதால் ரொம்ப காலம் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அதற்கு என்பிஆர்-பி என்ற தனி ஏற்பி உண்டு.

நுண்குழாய்களைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். தமனி கிளைவிட்டுக் கிளைவிட்டு, கடைசியில் சிவப்பணுக்கள் ஒவ்வொன்றாக வரிசையில் போகும் அளவுக்குக் குறுகிவிடுகிறது. அங்கே முழுமையான தசை வளையம் கிடையாது. அதற்குப் பதிலாகப் பெரிசைட் என்னும் செல்கள், நீண்ட கைகளால் குழாயை வெளியிலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். அவை பிடியை இறுக்கினால் அந்த இடத்தில் ஓட்டம் குறையும். 2018-இல் கூன் குழுவினர், சிஎன்பி இந்தப் பெரிசைட்டுகளையும் நுண்குழாய்க்குச் சற்று முன்னால் இருக்கும் மெல்லிய தமனிகளின் தசையையும் தளர்வாக வைத்திருக்கிறது என்று காட்டினார்கள். பெரிசைட்டுகளில் அந்த ஏற்பியை நீக்கியதும் எலிகளின் ரத்த அழுத்தம் உயர்ந்தது. உட்சுவரிலேயே சிஎன்பி உண்டாகாதபடி செய்த எலிகளிலும் அழுத்தம் உயர்ந்ததை வேறு குழுக்கள் கண்டிருந்தன.

அப்புறம், என்பிஆர்-சி என்று மூன்றாவது ஏற்பி ஒன்று இருக்கிறது. மூன்று பெப்டைடுகளையும் பிடித்து செல்லுக்குள் இழுத்து அழிப்பது அதன் வேலை என்று முதலில் நினைத்தார்கள். அந்த வேலை உண்மைதான். ஆனால் சிஎன்பி அதன் வழியாகவும் சிறு தமனிகளைத் தளர்த்துகிறது என்பதற்கு ஆதாரங்கள் சேர்ந்திருக்கின்றன. மனிதர்களில் ரத்த அழுத்தத்தோடு தொடர்புள்ள மரபணுப் பகுதிகளைத் தேடிய பெரிய ஆய்வுகளிலும் இந்த ஏற்பியின் மரபணு இருக்கும் இடம் தென்பட்டிருக்கிறது.

எல்லா ரத்தக் குழாய்களும் ஒரே மாதிரி விரியுமா?

இல்லை. சிறுநீரகத்தைப் பாருங்கள். அங்கே ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய் முடிச்சுக்கு உள்ளே வரும் தமனி ஒன்று, வெளியே போகும் தமனி ஒன்று. ஏஎன்பி உள்ளே வருவதை விரிக்கும், வெளியே போவதைச் சுருக்கும். முடிச்சுக்குள் அழுத்தம் கூடி வடிகட்டல் அதிகமாகும். அதோடு, சிறுநீரகக் குழல்கள் சோடியத்தைத் திரும்ப உறிஞ்சுவதையும் அது குறைக்கிறது. ஒரே ஹார்மோன், அடுத்தடுத்து இருக்கும் இரண்டு குழாய்களில் எதிரெதிரான வேலை.

குளத்தில் கழுத்தளவு நீரில் நின்றால் சிறுநீர் வருவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. நீரின் அழுத்தம் கால்களிலும் வயிற்றிலும் இருக்கும் ரத்தத்தை மார்பை நோக்கித் தள்ளுகிறது. மேலறை விரிகிறது, ஏஎன்பி கூடுகிறது. நீரைத் தக்கவைக்கும் வாசோபிரெசின் என்ற ஹார்மோனும் அப்போது குறைவதால் இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன.

ரெனின், ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன் என்கிறார்களே, அவற்றோடு என்ன உறவு?

நேர் எதிர்ப்பக்கம். ரத்தம் குறைந்துவிட்டது என்று உடல் கருதும்போது ரெனின் தொடங்கி வைக்கும் சங்கிலி குழாயை இறுக்கும், உப்பைத் தேக்கும், நாள்பட்டால் இதயத்திலும் குழாய்ச் சுவரிலும் தழும்புத் திசுவை வளர்க்கும். ரத்தம் அதிகமாகி இதயச் சுவர் விரியும்போது வரும் பெப்டைடுகள் இந்த ஒவ்வொன்றுக்கும் எதிர்வேலை செய்கின்றன. ரெனின் சுரப்பதையும் அட்ரினல் சுரப்பி ஆல்டோஸ்டிரோன் தயாரிப்பதையும் அடக்குகின்றன, குழாயின் தசைச் செல்கள் பெருகுவதையும் மட்டுப்படுத்துகின்றன.

இது எலிகளோடு நிற்கிற சங்கதி அல்ல. ஏஎன்பி மரபணு இருக்கும் பகுதியில் சிலருக்கு இயற்கையாகவே ஒரு சிறு மாற்றம் இருக்கிறது. அவர்களுடைய ரத்தத்தில் ஏஎன்பி சற்று அதிகம், ரத்த அழுத்தம் சற்றுக் குறைவு, உயர் ரத்த அழுத்த நோய் வரும் வாய்ப்பும் குறைவு. 2009-இல் வெளியான ஆய்வு இது.

ரிப்போர்ட்டில் எண் அதிகமாக இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

முதலில் எண் எதிலிருந்து வருகிறது என்று பார்ப்போம். இதயத் தசை 108 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு முன்வடிவத்தைத் தயாரிக்கிறது. அது இரண்டாக வெட்டப்படுகிறது. 32 கொண்ட துண்டு வேலை செய்யும் பிஎன்பி, மீதி 76 கொண்ட துண்டு என்டி-ப்ரோபிஎன்பி. இரண்டாவது துண்டுக்குத் தெரிந்த வேலை எதுவும் இல்லை. ஆனால் பிஎன்பி ரத்தத்தில் சுமார் 20 நிமிடங்களில் பாதியாகிவிடும், இது அதைவிட அதிக நேரம் தங்கும். அதனால்தான் ரத்தத்தில் எப்போதும் அதன் எண் பெரிதாக இருக்கிறது. இரண்டு பரிசோதனைகளின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது. போன மாதம் பிஎன்பி 300, இந்த மாதம் என்டி-ப்ரோபிஎன்பி 1,500 என்றால் நோய் ஐந்து மடங்கு முற்றிவிட்டது என்று பொருள் இல்லை. வேறு அளவுகோல், அவ்வளவுதான்.

திடீர் மூச்சுத்திணறலோடு வருபவரிடம் பிஎன்பி மில்லிலிட்டருக்கு 100 பிகோகிராமுக்குக் கீழோ, என்டி-ப்ரோபிஎன்பி 300-க்குக் கீழோ இருந்தால் இதயச் செயலிழப்பு (இதயம் உடலுக்குத் தேவையான அளவு ரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறும் நிலை) காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. இந்தப் பரிசோதனையின் பெரிய பலமே இப்படி ‘இல்லை’ என்று சொல்வதில்தான் இருக்கிறது. நிதானமாக வெளிநோயாளியாக வருபவர்களுக்கு அளவு இன்னும் குறைவு: 35, 125.

எண் அதிகம் என்றால் இதயச் சுவர் சிரமப்படுகிறது என்று பொருள். ஆனால் வயது கூடினால் எண்ணும் கூடும். சிறுநீரகம் பழுதானாலும், இதயத் துடிப்பு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் ஒழுங்கற்ற வகையாக மாறினாலும், நுரையீரலில் ரத்தக் கட்டி அடைத்தாலும் கூடும். உடல் பருமன் உள்ளவர்களுக்கு நேர்மாறாக, இதயம் சிரமப்பட்டாலும் எண் குறைவாகவே காட்டும். அவர்களுக்கு வரம்பைப் பாதி அளவுக்குக்கூடக் குறைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே அந்த ஒற்றைத் தாளை வைத்துக்கொண்டு இணையத்தில் தேடாதீர்கள். எக்கோவையும் உங்கள் உடல்நிலையையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள்.

இவ்வளவு பிஎன்பி சுரந்தும் கால் ஏன் வீங்குகிறது? பிரஷர் ஏன் குறையவில்லை?

மிகச் சரியான கேள்வி. ‘பம்பிங் கம்மி’ என்று சொல்லப்படும் நோயாளியின் ரத்தத்தில் பிஎன்பி ஏராளமாக இருக்கும். உப்பும் நீரும் மட்டும் வெளியேறாமல் உடலிலேயே தேங்கும். இதற்குப் பல காரணங்கள் சேர்ந்து நிற்கின்றன.

நாம் அளக்கும் பிஎன்பி எல்லாம் வேலைக்குத் தயாரான பிஎன்பி அல்ல. முற்றிய நோயில் வெட்டப்படாத முன்வடிவமே ரத்தத்தில் நிறைய சுற்றுகிறது. அதன் வேலைத்திறன் குறைவு. வழக்கமான பரிசோதனைக் கருவி அதையும் சேர்த்தே எண்ணிவிடுகிறது. ஏஎன்பியின் முன்வடிவத்தை வெட்டும் கோரின் என்ற என்சைமும் இதயச் செயலிழப்பில் குறைந்துபோகிறது.

அடுத்து ஏற்பி. ஓயாமல் தூண்டப்படும் ஏற்பி மந்தமாகிவிடும். உள்ளே உண்டாகும் சைக்ளிக் ஜிஎம்பியை அழிக்கும் என்சைம்களும் கூடுகின்றன. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமே குறைவு என்பதால் ஹார்மோன் அங்கே சாதிக்க முடிவதும் குறைவு. இவை எல்லாவற்றுக்கும் மேலே, ரெனின் சங்கிலியும் அட்ரினலினும் முழு வேகத்தில் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருக்கின்றன. எண் பெரிதாக இருப்பவருக்கு உண்மையில் வேலை செய்யும் ஹார்மோன் பற்றாக்குறை என்று பல ஆய்வாளர்கள் சொல்வது இதனால்தான். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

அப்படியானால் அந்த ஹார்மோனையே ஊசியாக ஏற்றலாமே?

ஏற்றிப் பார்த்தார்கள். ஜப்பானில் ஏஎன்பி, கார்பெரிட்டைடு என்ற பெயரில் 1995 முதல் மருந்தாக இருக்கிறது. அமெரிக்காவில் பிஎன்பி, நெசிரிட்டைடு என்ற பெயரில் 2001-இல் அனுமதி பெற்றது. பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. 7,141 நோயாளிகளிடம் நடந்து 2011-இல் வெளியான பரிசோதனை அந்த எதிர்பார்ப்பைத் தணித்தது. உயிரிழப்போ மறுபடி மருத்துவமனையில் சேர்வதோ குறையவில்லை, மூச்சுத்திணறலில் சிறிதளவே மாற்றம், ரத்த அழுத்தம் அளவுக்கு மீறி இறங்குவது மட்டும் அதிகமானது. 2018-இல் தயாரிப்பும் நின்றது. குழாய்களைத் தளர்த்தும் ஹார்மோனை, ஏற்கெனவே அழுத்தம் தளர்ந்துபோன நோயாளிக்கு மொத்தமாக ஏற்றினால் இந்தச் சிக்கல் வரத்தான் செய்யும்.

சாக்குபிட்ரில்–வல்சார்ட்டான் மாத்திரை இதோடு எப்படித் தொடர்புடையது?

இதயச் செயலிழப்புக்குக் கொடுக்கப்படும் இந்த மாத்திரை வேறு வழி. ஹார்மோனை வெளியிலிருந்து கொடுக்காமல், உடல் சுரப்பதைச் சீக்கிரம் அழியாமல் காப்பது. இந்தப் பெப்டைடுகளைத் துண்டாக்கும் என்சைம்களில் முக்கியமானது நெப்ரிலைசின். சாக்குபிட்ரில் அதைத் தடுக்கிறது.

அதை மட்டும் தனியாகத் தடுத்தால் பிரச்சினை. நெப்ரிலைசின் ஆஞ்சியோடென்சினையும் அழிக்கிறது. தடுத்தால் அதுவும் கூடி, குழாய் இறுகும். அதனால்தான் ஆஞ்சியோடென்சினின் ஏற்பியை அடைக்கும் வல்சார்ட்டானைக் கூடவே சேர்த்தார்கள். இதற்கு முன்னால், நெப்ரிலைசினையும், ஆஞ்சியோடென்சினைத் தயாரிக்கும் ஏசிஇ என்சைமையும் சேர்த்துத் தடுக்கும் ஓமாபாட்ரிலாட் என்ற மருந்து வந்தது. ரத்த அழுத்தத்தை நன்றாகவே குறைத்தது. ஆனால் இரண்டு என்சைம்களும் அழிக்கும் பிராடிகைனின் என்ற பொருள் தேங்கி, முகமும் தொண்டையும் திடீரென வீங்கும் ஆபத்து வந்தது. சுமார் 25,000 பேரிடம் நடந்த பரிசோதனையில் 2.17 சதவீதம் பேருக்கு அது வந்தது, ஒப்பீட்டு மருந்தில் 0.68 சதவீதம். மருந்து கைவிடப்பட்டது. ஏசிஇயைத் தடுக்கும் எனாலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரைகளை நிறுத்தி 36 மணி நேரம் ஆன பிறகே சாக்குபிட்ரில் தொடங்க வேண்டும் என்ற கண்டிப்பான விதி இதிலிருந்து வந்தது. வீட்டில் மீந்துபோன பழைய மாத்திரைகளைக் கூடவே போட்டுக்கொள்ளாதீர்கள். இந்த ஒரு வரியைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள். கர்ப்பிணிகளுக்கும் இந்த மருந்து கூடாது.

பலன் என்னவென்றால், 8,442 பேரிடம் எனாலாப்ரிலோடு ஒப்பிட்டு 2014-இல் வெளியான பரிசோதனையில், இதய ரத்தக்குழாய் நோயால் வரும் மரணமும் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வதும் சேர்த்துப் பார்த்தபோது 20 சதவீதம் குறைந்தன. பம்பிங் குறைந்தவர்களிடம் நடந்த பரிசோதனை அது.

அந்த மாத்திரை எடுப்பவர் எந்தப் பரிசோதனை செய்ய வேண்டும்?

என்டி-ப்ரோபிஎன்பி. பிஎன்பியை நெப்ரிலைசின் அழிப்பதால், மாத்திரை தொடங்கியபின் பிஎன்பி எண் கொஞ்சம் கூடலாம், நோய் முற்றியதாக அதற்குப் பொருள் இல்லை. என்டி-ப்ரோபிஎன்பியை அந்த என்சைம் தொடுவதில்லை. இதயம் தேறினால் அது இறங்கும்.

கர்ப்ப காலத்தில் வரும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு இருக்கிறதா?

இருக்கலாம் என்று நினைக்க வலுவான காரணம் உண்டு. நஞ்சுக்கொடிக்கு ரத்தம் கொண்டுபோகும் கருப்பைத் தமனிகள் கர்ப்பத்தில் அகலமாக மாற வேண்டும். கருப்பையிலேயே கோரினும் ஏஎன்பியும் உண்டாகி அந்த மாற்றத்துக்கு உதவுகின்றன. இவை இல்லாத கர்ப்பிணி எலிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதமும் போனது என்று 2012-இல் வெளியானது. ப்ரீ-எக்லாம்ப்சியா என்ற கர்ப்பகால உயர் ரத்த அழுத்த நோய் வந்த பெண்களின் கருப்பைத் திசுவில் கோரின் குறைவாக இருந்ததையும் அதே ஆய்வு காட்டியது.

உணவிலோ மூலிகையிலோ இந்த ஹார்மோனைக் கூட்ட முடியுமா?

பெப்டைடை வாய்வழியே சாப்பிட்டால் மற்றப் புரதங்களைப் போலச் செரித்துப் போய்விடும். கூட்டும் என்று விற்கப்படும் பொடிகளை நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. உப்பு அதிகம் சாப்பிட்டால் ஏஎன்பி கூடத்தான் செய்யும், ஆனால் அது இதயத்தின் மேல் நாம் ஏற்றும் வேலை. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் நொறுக்குத்தீனி இருக்கும் வீட்டில் அந்தக் கணக்கு மதியத்துக்குள்ளேயே தாண்டிவிடும்.

சிஎன்பியை மருந்தாகப் பயன்படுத்துகிறார்களா?

ஆம், ஆனால் இதயத்துக்காக அல்ல. எலும்பு நீளமாக வளரவும் சிஎன்பி வேண்டும். அகோண்ட்ரோபிளேசியா என்ற பிறவி நிலையில் கைகால் எலும்புகள் வளராமல் உயரம் குறைவாக இருக்கும். அந்தக் குழந்தைகளுக்காக, சீக்கிரம் அழியாதபடி சிஎன்பியை மாற்றிச் செய்த வோசோரிட்டைடு என்ற ஊசி 2021-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. தினமும் தோலுக்கு அடியில் போடுவது. எலும்புக்காகக் கொடுத்தாலும் ரத்தக் குழாய்கள் அதை அடையாளம் கண்டுகொள்கின்றன. ஊசி போட்டபின் சில குழந்தைகளுக்கு ரத்த அழுத்தம் சற்று நேரம் இறங்குகிறது. அதனால் ஊசிக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் குழந்தை நன்றாகச் சாப்பிட்டு, 240 முதல் 300 மில்லி வரை ஏதாவது குடித்திருக்க வேண்டும் என்று மருந்தோடு வரும் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள்.